ஆறடித் தடையில்லாச் சான்று

கொற்கைத்துறை கலை அறிவியல் கல்லூரியில் ஐரோப்பாவுக்குப் போகும் வழி, பைக் ஸ்டாண்டைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால், ஆண்கள் கழிப்பறைக்கு முந்தைய அறையில் இருந்தது. கதவுக்கு மேலே 'இளநிலை மாணவர் ஐரோப்பிய ஆய்வு வாய்ப்பு மையம்' என்று பித்தளை எழுத்துகள் பதித்திருந்தார்கள். மையம் திறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆறு ஆண்டுகளில் அந்தப் பக்கமாக ஐரோப்பாவுக்குப் போனவர் எவரும் இல்லை. கழிப்பறைக்குப் போனவர்கள் உண்டு.

இதைக் குறையாகச் சொல்லக் கூடாது. வாய்ப்பு மையம் என்பது வாய்ப்பைப் பத்திரமாக வைத்திருக்கும் இடம். அதை எடுத்து ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் மையத்தில் என்ன மிச்சம் இருக்கும்?

உள்ளே சுவரில் ஐந்து கடிகாரங்கள் தொங்கின. லண்டன், பாரிஸ், பெர்லின், ரோம், தூத்துக்குடி என்று அடியில் எழுதியிருந்தது. ஐந்தும் ஒரே நேரத்தைக் காட்டின. "ஆரம்பத்துல ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமா ஓடிட்டு இருந்துச்சு. நாந்தான் எல்லாத்தையும் சரி பண்ணி வச்சேன்" என்பார் அலுவலகக் கண்காணிப்பாளர் முத்துக்குமரன். எதிர்ச் சுவரில் சட்டம் போட்ட கடிதங்கள் பதினான்கு. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு மையம் எழுதிய மின்னஞ்சல்களுக்கு வந்த பதில்கள் அவை. 'உங்கள் செய்திக்கு நன்றி. நான் இப்போது விடுப்பில் இருக்கிறேன்' என்று பதினான்கும் சொல்லின. கல்லூரியின் ஆண்டறிக்கையில் இவை 'பதினான்கு ஐரோப்பிய நிறுவனங்களுடன் நல்லுறவு' என்று ஆண்டுதோறும் இடம்பெற்றன.

பிப்ரவரிக் கடைசியில் ஒருநாள் இந்த அறைக்குள் யுஸ்ரா நுழைந்தாள். இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவி, காயல்பட்டினத்துப் பெண். அவளுடைய வாப்பா சேக், துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் டேலி கிளார்க். கப்பலில் ஏறுகிற இறங்குகிற கண்டெய்னர்களை வெயிலில் நின்று எண்ணி எழுதுகிற வேலை. அந்த எண்ணுகிற புத்தி மகளுக்கும் வந்திருந்தது. புயலுக்குப் பிறகு கரையில் ஒதுங்கிய முத்துச்சிப்பி ஓடுகளைப் பொறுக்கி வந்து, கடற்பஞ்சு அவற்றில் துளைத்திருந்த ஓட்டைகளை லென்ஸ் வைத்து எண்ணினாள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு ஓடுகள். ஒவ்வொன்றின் உட்புறத்திலும் பென்சிலால் எண் போட்டு, செருப்புப் பெட்டிகளில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். ஓட்டைகள் ஓட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் அதிகமாக இருந்தன. ஏன் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. போர்ச்சுகலில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்த ஹெலனா என்ற பேராசிரியைக்குப் படங்களோடு ஒரு மின்னஞ்சல் போட்டாள். போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. போடக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியாது.

பேராசிரியை விடுப்பில் இல்லை, பதில் எழுதிவிட்டார். 'ஜூன் முதல் தேதியிலிருந்து எட்டு வாரம் எங்கள் கடலியல் நிலையத்துக்கு வா. பயணமும் தங்குமிடமும் எங்கள் பொறுப்பு. ஓடுகளையும் கொண்டுவா, சேர்ந்து பார்ப்போம். நீ வருவதில் தடையில்லை என்று உன் கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட ஒரு தாள் மட்டும் விசாவுக்கு வேண்டும். ஏப்ரல் இருபதுக்குள் கிடைத்தால் போதும்.'

மையத்தின் இயக்குநர் பேராசிரியர் தேவபிரசாதம் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பூட்டிய வீட்டுக்குள் யாரோ புகுந்துவிட்ட மாதிரி அவர் முகம் போயிற்று.

"இது யார் மூலமா வந்துச்சு?"

"எனக்கே வந்துச்சு சார்."

"அதெப்படி வரும்? மையம்னு ஒண்ணு இருக்கும்போது உனக்கு எப்படி நேரா வரும்?" என்றார். பிறகு கருணையோடு விளக்கினார். "இதுக்கு ஒரு முறை இருக்கும்மா. மொதல்ல மையம் அறிவிக்கணும். அப்புறம் பிள்ளைக விண்ணப்பிக்கணும். நாங்க ஆளைத் தேர்வு செய்யணும். கடைசியிலதான் ஐரோப்பா சம்மதிக்கணும். இங்க ஐரோப்பா அவசரப்பட்டு மொதல்லயே சம்மதிச்சிருச்சு. இப்ப நாம பின்னாலயிருந்து ஒவ்வொண்ணா சரி பண்ணிக்கிட்டு வரணும்."

"ஒரு கையெழுத்துதான் சார் கேட்டிருக்காங்க."

"கையெழுத்து போடுறதுக்கு ரெண்டு நிமிஷம் போதும். அதுக்கு முன்னால செய்ய வேண்டியது நெறைய இருக்குல்லா?"

செய்ய வேண்டியதை மையம் செய்தது. யுஸ்ராவுக்கு வந்த அழைப்பு கல்லூரி முழுவதற்குமாக அறிவிக்கப்பட்டது. முப்பத்தொரு பேர் விண்ணப்பித்தார்கள். எழுத்துத் தேர்வு நடந்தது. 'ஐரோப்பாவின் தலைநகர் எது?' என்பது முதல் கேள்வி. ஐரோப்பா ஒரு நாடு இல்லை, அதனால் அதற்குத் தலைநகர் கிடையாது என்று யுஸ்ரா எழுதினாள். விடைக்குறிப்பில் லண்டன் என்று இருந்ததால் அவளுக்கு ஐந்து மதிப்பெண் போயிற்று. தனக்கு வந்த அழைப்புக்கான தேர்வில் அவள் இரண்டாவதாக வந்தாள்.

முதலாவதாக வந்தவன் வணிகவியல் படிக்கும் வரத். லண்டன் என்று தயங்காமல் எழுதியவன். அவனுக்குச் சிப்பியையும் தெரியாது, கடற்பஞ்சையும் தெரியாது. ஆனால் நல்ல பையன். பெரியப்பா மகன் கல்யாணம் இருப்பதால் ஐரோப்பாவுக்குப் போக இயலவில்லை என்று மையத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வராந்தாவில் யுஸ்ராவைப் பார்த்து, "உன்னோடது எப்படி எனக்கு வந்துச்சுன்னே தெரியல" என்று மன்னிப்பும் கேட்டான். காத்திருப்போர் பட்டியலிலிருந்து யுஸ்ரா மேலே ஏற்றப்பட்டாள்.

அடுத்து மூன்று நாள் பயிற்சி. தேவபிரசாதமே நடத்தினார். ஒருமுறை உறவினர் திருமணத்துக்கு அமெரிக்கா போகும்போது பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்ததால், ஐரோப்பாவைப் பற்றி அந்தக் கல்லூரியில் அவருக்கு மேல் யாருக்கும் தெரியாது. முதல் நாள் மேசை நாகரிகம். கேன்டீனில் அன்று இடியாப்பம்தான் இருந்தது. கத்தியும் முள்கரண்டியும் கொண்டு அதை வெட்டித் தின்னக் கற்றுக்கொண்டாள். இரண்டாம் நாள் புன்னகைப் பயிற்சி. மூன்றாம் நாள் குளிர் பழக்கம்.

குளிர் பழக்கத்துக்கு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த இறால் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் அனுமதி வாங்கியிருந்தார்கள்.

"சார், நான் போற ஜூன் மாசம் அங்க வெயில் காலம். நம்ம ஊரு மார்கழி அளவுகூட குளிராது" என்றாள் யுஸ்ரா.

"ஐரோப்பான்னா குளிர்தாம்மா. மையத்தோட வழிகாட்டிக் குறிப்புல போட்டிருக்கு."

முதல்வரும் இயக்குநரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, படம் எடுத்துக்கொண்டு, இரண்டு நிமிடத்தில் வெளியேறினார்கள். குறிப்பில் இருபது நிமிடம் என்று இருந்ததால் யுஸ்ரா மட்டும் இறால் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி எடுக்க வந்த ஒரு பெண் அவளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏளா, என்ன தப்பு பண்ணுன? உள்ள உக்கார வச்சிருக்காங்க?"

"மெயில் போட்டேன்க்கா" என்றாள் யுஸ்ரா, பல் கிடுகிடுக்க.

ஏப்ரல் எட்டாம் தேதி கோப்பு முழுமையடைந்தது. தேர்வு முடிவு, பயிற்சிப் படங்கள், குளிர் தாங்கியதற்கான சான்றிதழ், ஆய்வுப் பொருள் என்று அவளுடைய நான்கு செருப்புப் பெட்டிகள் எல்லாம் மையத்தின் அலமாரிக்குப் போய்விட்டன. கையெழுத்து மட்டும் பாக்கி. தடையில்லாச் சான்றை யுஸ்ரா தானே தட்டச்சு செய்து ஒரு தாளில் எடுத்து வந்திருந்தாள். முத்துக்குமரன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

"ஒன்பதாம் விதிம்மா. என்.ஓ.சி.ய வழியனுப்பு விழாவுலதான் வழங்கணும். சும்மா ரூமுக்குள்ள வச்சுக் குடுத்தா நாளைக்கி ஆடிட்ல கேப்பாங்க."

"விழா என்னைக்கு சார்?"

"சிறப்பு விருந்தினர் பதினெட்டாம் தேதிதான் குடுத்திருக்காரு. உனக்கு இருபது வரைக்கும் டைம் இருக்கே. ரெண்டு நாள் கெடக்கு. ஏன் பயப்படுத?"

பதினெட்டாம் தேதி விழா நடந்தது. வாயிலில் இருந்த ஃபிளெக்ஸில் யுஸ்ரா ஈபிள் கோபுரத்துக்குப் பக்கத்தில் பனியில் நின்றாள். அவள் போவது போர்ச்சுகலுக்கு என்று ஃபிளெக்ஸ் கடைக்காரரிடம் சொன்னார்களாம். அந்த ஊரில் கோபுரம் இல்லை என்று அவர் மறுத்துவிட்டாராம். முன்வரிசையில் வாப்பா சேக்கும் உம்மா ராஹிலாவும் உட்கார்ந்திருந்தார்கள். வாப்பா கடையநல்லூர் ஜவுளிக்கடையில் எடுத்த புதுச் சட்டையில் இருந்தார். உம்மா சத்தமில்லாமல் உதடசைத்து ஓதிக்கொண்டிருந்தாள்.

முதல்வர் சுதர்சனம் பேச எழுந்தார். அவர் பேச்சுக்குத் தூத்துக்குடியில் நல்ல பெயர். எங்கே தொடங்கினாலும் தன்னிடம் வந்து முடித்துவிடுவார்.

"இக்கல்லூரி எந்த மாணவரையும் ஐரோப்பாவுக்குப் போகாதே என்று தடுத்ததில்லை. ஏனென்றால் இதுவரை எவரும் போகிறேன் என்று கேட்டதில்லை. இன்று யுஸ்ரா போகிறார். நான் கேட்கிறேன், போவது யுஸ்ராவா? இல்லை! போவது இந்த மையம். போவது இந்த நிர்வாகம். இன்னும் சொல்லப்போனால், போவது நான்! மாணவி ஒரு காரணம், அவ்வளவுதான்." கைதட்டல். "பல கல்லூரிகளில் தடையில்லாச் சான்றை அறைக்குள் வைத்து, ஒரு துண்டுத் தாளில், யாருக்கும் தெரியாமல் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதில் என்ன வெளிப்படைத்தன்மை இருக்கிறது? நமக்குத் தடையில்லை என்றால், அதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரும் படிக்க வேண்டும்!"

திரைக்குப் பின்னாலிருந்து இருவர் தடையில்லாச் சான்றைத் தூக்கி வந்தார்கள். ஆறடி நீளம், நான்கடி உயரம். தெர்மோகோல் மேல் ஃபிளெக்ஸ் ஒட்டியது. கிரிக்கெட் பரிசளிப்பு விழாவில் ஆட்டநாயகனிடம் பெரிய காசோலை கொடுப்பார்களே, அந்த மாதிரி. சோற்றுத்தட்டு அளவுக்கு முத்திரை. ஒன்றரை அடியில் முதல்வரின் கையெழுத்து, அச்சில். சிறப்பு விருந்தினர் ஒரு முனையையும் முதல்வர் இன்னொரு முனையையும் பிடிக்க, நடுவில் யுஸ்ரா முகம் தெரியாமல் நிற்க, படம் எடுத்தார்கள். சின்னது அப்புறம் தருவார்கள் என்று அவள் நினைத்தாள். அந்தக் கூட்டத்தில் அப்படி நினைத்தவள் அவள் ஒருத்திதான்.

சான்றை வாப்பாவும் மகளும் பஸ்ஸில் கொண்டு போனார்கள். கண்டக்டர் படியிலேயே மறித்தார்.

"அண்ணாச்சி, என்னது இது? லக்கேஜ் போடணும்."

"என்.ஓ.சி."

"எதுக்கு?"

"எம் புள்ள ஐரோப்பா போவுது."

"இதுலயேவா?" என்றார் கண்டக்டர். ஆத்தூர் தாண்டியதும் காற்று அடித்த அடியில் சான்று இரண்டு பேர் தலையில் மோதியது. அந்த இருவரும் தடையில்லை என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு யுஸ்ரா மையத்தின் வாசலில் நின்றாள். முத்துக்குமரன் பதிவேட்டைத் திறந்து காட்டினார். யுஸ்ரா, இரண்டாம் ஆண்டு விலங்கியல், தடையில்லாச் சான்று ஒன்று, நேற்றைய தேதியில் வழங்கப்பட்டது. பக்கத்தில், மேடையிலிருந்து இறங்கும்போது அவளே போட்ட கையெழுத்து.

"குடுத்தாச்சும்மா. ஒரு ஆளுக்கு ரெண்டு என்.ஓ.சி. குடுக்க விதியில்ல."

"சார், அத எப்படி நான் விசாவுக்கு வைப்பேன்? ஏ ஃபோர் சைஸ்ல வேணும், மையில கையெழுத்து வேணும்னு போட்டிருக்காங்க."

"தொலைஞ்சு போச்சுன்னா டூப்ளிகேட் போடலாம். ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து, பேப்பர்ல விளம்பரம் போட்டு..."

"அப்ப தொலைச்சுட்டு வாரேன் சார்."

"பொய் சொல்லக் கூடாதும்மா." அவருக்கு உண்மையாகவே வலித்தது. "அம்புட்டுப் பெருசு தொலையுமா? எஸ்.ஐ. நம்புவாரா, சொல்லு?"

முதல்வர் அறைக்குப் போனாள். மேடையில் கொடுத்ததையே மறுபடி சின்னதாகக் கொடுத்தால் விழாவுக்கு அவமரியாதை, சிறப்பு விருந்தினர் மனம் புண்படும் என்றார் சுதர்சனம். வேறு வழியில்லாமல் யுஸ்ரா பெரிய சான்றைப் படம் எடுத்து, ஏ ஃபோர் தாளில் அச்சிட்டு விசாவுக்கு வைத்தாள். அச்சுக் கையெழுத்து செல்லாது என்று திரும்பி வந்தது. ஹெலனா மே ஐந்து வரை தவணை கொடுத்தார். அதோடு நிற்காமல், 'இந்தப் பெண்ணுக்கு அந்த ஒரு தாளைத் தயவுசெய்து கொடுங்கள்' என்று முதல்வருக்கே கடிதம் எழுதினார். ஐரோப்பாவிலிருந்து தானாக வந்த முதல் கடிதம் அது. கல்லூரி நெகிழ்ந்துபோனது. அதற்குச் சட்டம் போட்டு, சுவரில் பதினைந்தாவதாக மாட்டினார்கள்.

மே ஆறாம் தேதி அந்த இடம் வேறொரு நாட்டு மாணவனுக்குப் போனது.

யுஸ்ரா அன்று வாய்விட்டு அழுதாள். மதிப்பெண் குறைந்தபோதுகூட அழாத பெண். ராஹிலா முதலில் தேற்றினாள், பிறகு திட்டினாள், பிறகு அவளும் அழுதாள். "யா அல்லாஹ், ஒத்தக் கையெழுத்து! ஒரு பேனாவுல இருக்குற மையி அது!" சேக் சுவரில் சாய்த்து வைத்திருந்த சான்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காலி கண்டெய்னரு ராஹிலா. உள்ள ஒண்ணுமே கெடையாது. அதுக்குக்கூட ஒரு தாள்ல சீல் குத்தி ஐரோப்பாவுக்கு ஏத்தி வுடுதோம். தெனம் நாந்தான் எழுதுதேன். எம் புள்ளைக்கு ஒண்ணு வாங்க முடியலியே" என்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் இதைச் சாதாரணமான அநியாயம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஜூன் பதினாறாம் தேதி கல்லூரி திறந்தது. மூன்றாம் ஆண்டு வகுப்புக்குப் போன யுஸ்ராவை, வருகைப் பதிவு எடுத்த ஆசிரியை பேயைக் கண்ட மாதிரி பார்த்து, மையத்துக்கு அனுப்பினார்.

தேவபிரசாதம் கதவைச் சாத்தினார். "நீ என்னம்மா இங்கன நிக்க? நீ ஐரோப்பால இருக்க."

"நான் போகலியே சார். நீங்கதான் கையெழுத்து..."

"ரெக்கார்டுல நீ போய்ட்ட. ஆகஸ்ட்ல தரச்சான்றுக் குழு வருது. 'ஐரோப்பா சென்ற மாணவர்: ஒன்று'ன்னு அறிக்கை போயாச்சு. ஆறு வருஷத்துல மொத ஆளு நீ. எம்புட்டுப் பெருமை!" பிறகு குரலைத் தாழ்த்தினார். "இத பாரு. ஜூலைக் கடைசி வரைக்கும் நீ அங்கன இருந்தேன்னா உனக்கு ஆன் டியூட்டி. இங்கன இருந்தேன்னா நீ ஆப்சென்ட். வருகைப் பதிவு கொறைஞ்சா செமஸ்டர் எழுத முடியாது. நீ எங்க இருக்கேன்னு நீயே முடிவு பண்ணு. நாங்க வற்புறுத்தல."

யுஸ்ரா ஐரோப்பாவில் இருப்பதென்று முடிவு செய்தாள்.

தெருவில் தலைகாட்டக் கூடாது, கல்லூரி ஆட்கள் கண்ணில் படக் கூடாது என்பது நிபந்தனை. இதில் காயல்பட்டினம் அவளுக்குக் கை கொடுத்தது. அங்கே வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் நடக்கிற குறுகலான முடுக்குகள் உண்டு. தெருவில் கால் வைக்காமலே ஊரின் பாதியைச் சுற்றி வந்துவிடலாம். எத்தனையோ தலைமுறையாக அதில் பெண்கள் கல்யாணத்துக்கும் மௌத்துக்கும் போய் வந்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் இருப்பதற்காக அதில் நடந்தவள் யுஸ்ராதான். மாமி வீட்டுக்கும் தையல் கடைக்கும் அந்த வழியாகவே போனாள். முடுக்கில் எதிர்ப்பட்ட ஒரு மாமி ஆச்சரியப்பட்டாள்.

"எப்போ வந்த புள்ள?"

"இன்னும் வரல மாமி" என்றாள் யுஸ்ரா.

ஜூலையில் கல்லூரிக்குப் புதிதாக ஒரு பொறுப்புணர்வு பிறந்தது. கல்லூரி அனுப்பிய பெண்பிள்ளை, அயல்நாட்டில் தனியாக எப்படி இருக்கிறாளோ? சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று நேரில் பார்க்காமல் இருக்கலாமா? 'மாணவி நலன் காணும் குழு' அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள் முதல்வரும் இயக்குநரும். அவர்களுக்குத் தடையில்லாச் சான்று அன்று மாலையே கிடைத்தது. முதல்வருக்கு இயக்குநரும், இயக்குநருக்கு முதல்வரும் கையெழுத்திட்டார்கள். இரண்டும் ஏ ஃபோர் தாள். நீல மை. விழா நடத்தவில்லை. அவசரம் என்று ஒன்பதாம் விதியைத் தளர்த்தினார்கள்.

போகிற இடங்களில் கொடுக்க நினைவுப் பரிசு வேண்டுமே என்று, அலமாரியில் இருந்த யுஸ்ராவின் ஓடுகளில் நாற்பதை எடுத்து, சிவப்பு வெல்வெட் அட்டைகளில் பசை போட்டு ஒட்டி எடுத்துப் போனார்கள்.

பன்னிரண்டு நாள். பாரிஸில் ஆறு, ரோமில் நான்கு, போர்ச்சுகலில் இரண்டு. திரும்பி வந்து, வெல்வெட்டில் ஒட்டிய சிப்பியைப் பரிசளிக்கும் படத்தோடு கல்லூரி இதழில் அறிக்கை வெளியிட்டார்கள். 'மாணவி நலமாக இருக்கிறார். சற்று இளைத்திருக்கிறார். உணவு ஒத்துக்கொள்கிறது. எங்களைக் கண்டதும் அவர் கண்கள் பனித்தன.' அந்த இதழை வரத் காயல்பட்டினத்துக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். யுஸ்ரா அதைப் படித்து முடித்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியில் போய்ப் பார்த்தாள். இளைத்திருந்தது மட்டும் உண்மை.

ஆகஸ்டில் அவள் திரும்பி வந்தாள். அதாவது கல்லூரிக்குள் விடப்பட்டாள். தரச்சான்றுக் குழு வந்த அன்றே வரவேற்பு விழாவும் வைத்தார்கள். 'ஐரோப்பிய அனுபவப் பகிர்வு' என்ற தலைப்பில் அவள் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பேச்சைத் தேவபிரசாதமே எழுதிக் கொடுத்திருந்தார். அதில் இரண்டு இடங்களில் பனி பெய்தது.

மேடையில் ஏறியதும் யுஸ்ரா அந்தத் தாளை மடித்தாள். முன்வரிசையில் குழுவினர் மூவர், வடக்கேயிருந்து வந்தவர்கள். அவர்களுக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலேயே தொடங்கினாள். நான் ஐரோப்பாவுக்குப் போகவில்லை என்றாள். இறால் கிடங்கைச் சொன்னாள். ஆறடிச் சான்றைச் சொன்னாள். ஆறு வாரம் முடுக்கில் நடந்ததைச் சொன்னாள். ஒரு வருடம் எண்ணிய என் ஓடுகளைப் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள் என்று சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. பதினோரு நிமிடம் பேசினாள். தேவபிரசாதத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. சுதர்சனம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். இனி எது வந்தாலும் வரட்டும் என்று யுஸ்ரா போய் உட்கார்ந்தாள். மே மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவளால் முழு மூச்சு விட முடிந்தது.

குழுத் தலைவர் எழுந்தார். ஓய்வு பெற்ற துணைவேந்தர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் நூற்றுப் பதினொரு கல்லூரிகளைப் பார்த்திருக்கிறேன்" என்றார். "எல்லா இடத்திலும் மாணவர்கள் புகழத்தான் செய்வார்கள். நிர்வாகத்தின் முன்னாலேயே ஒரு மாணவி இவ்வளவு துணிச்சலாகக் குறை சொல்ல முடிகிறது என்றால், இந்தக் கல்லூரி எவ்வளவு சுதந்திரம் கொடுத்து அவளை வளர்த்திருக்க வேண்டும்! கருத்துச் சுதந்திரத்துக்குப் பத்துக்குப் பத்து. ஐரோப்பா போய் வந்ததால் வந்த தன்னம்பிக்கை இது என்று நினைக்கிறேன்."

அரங்கமே எழுந்து கைதட்டியது. முதலில் தட்டியவர் சுதர்சனம். யுஸ்ராவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கல்லூரிக்கு அந்த ஆண்டு மிக உயர்ந்த தரம் கிடைத்தது. ஆறடிச் சான்று நன்றாக இருக்கிறதே, எங்கே செய்தீர்கள் என்று குழுத் தலைவர் தேநீரின்போது கேட்டுக்கொண்டு போனதாகக் கேள்வி.

அக்டோபரில் ஹெலனாவிடமிருந்து மறுபடி மின்னஞ்சல் வந்தது. 'ஜூலையில் உன் கல்லூரியிலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். உன்னைப் பற்றிக் கேட்டேன். நீ நலமாக இருப்பதாகச் சொன்னார்கள். வெல்வெட்டில் ஒட்டிய ஒரு சிப்பி கொடுத்தார்கள். பசையைக் கரைத்து எடுத்தேன். உள்ளே பென்சிலால் 212 என்று இருக்கிறது. உன் கையெழுத்துதானே? டிசம்பரில் ஓர் இடம் காலியாகிறது. உனக்காக வைத்திருக்கிறேன். அந்த ஒரு தாள் மட்டும் வேண்டும்.'

யுஸ்ரா அன்று ஓடினாள் என்றே சொல்ல வேண்டும். பைக் ஸ்டாண்டைத் தாண்டி, இடப்பக்கம் திரும்பி, மையத்துக்குள் நுழைந்தாள். முத்துக்குமரன் கடிதத்தை முழுக்கப் படித்தார். பதிவேட்டைப் புரட்டினார். அவருக்கு அவள்மேல் கோபம் எதுவும் இல்லை; பாசம்கூட இருந்தது.

"ஒரு ஆளுக்கு ஒரு தடவதாம்மா. நீதான் போய்ட்டு வந்துட்டியே. மத்த பிள்ளைகளுக்கும் வாய்ப்பு குடுக்கணும்ல?"

"நான் போகலன்னு உங்களுக்குத் தெரியும்லா சார்? மேடையில நானே சொன்னேன்லா?"

"சொன்ன. வீடியோ இருக்கு." பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். 'ஐரோப்பிய அனுபவப் பகிர்வு, பதினோரு நிமிடம், மாணவி யுஸ்ரா' என்று இருந்தது. "போகாமயாம்மா பதினோரு நிமிஷம் பேசுன?"

சுவரில் லண்டனிலும் பாரிஸிலும் பெர்லினிலும் ரோமிலும் தூத்துக்குடியிலும் மணி பதினொன்றே முக்கால்.

அவள் வீட்டுக்கு வந்தாள். கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக அந்தச் சான்று கிடந்தது. வெயிலில் முதல்வரின் கையெழுத்து வெளுத்துவிட்டது, 'தடையில்லை' மட்டும் இன்னும் பளிச்சென்று இருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பதில் எழுதினாள்.

'அன்புள்ள பேராசிரியருக்கு, மன்னிக்கவும். டிசம்பரில் நான் வர இயலாது. எங்கள் கல்லூரிப் பதிவேட்டின்படி நான் ஏற்கெனவே உங்களிடம் வந்து, எட்டு வாரம் நலமாக இருந்துவிட்டு, திரும்பிவிட்டேன். வரும்போது 212ஆம் எண் சிப்பியை உங்கள் மேசையிலேயே விட்டுவிட்டேன் போலிருக்கிறது. அதைத் திருப்பி அனுப்ப வேண்டாம். எங்களில் ஒன்றாவது அங்கே இருக்கட்டும்.'